மே 31 வாத்தியார்

அறுபதுகளில் பிறந்த வாத்தியார்களின் பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பிறந்த தேதி மே, ஜூன் என்றே வந்துகொண்டிருக்கும். கத்திரி வெயிலில் மட்டும் பிள்ளை பெற்றுக்கொண்ட தலைமுறையோ என்று சந்தேகம் வரும். அந்தக் காலத்தில் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால், பெரிய வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயசு. பிறந்த தேதி என்ன என்று அம்மாவிடம் கேட்டால், "மழ ஊத்திக்கிட்டு இருந்துச்சுங்க, ஐப்பசியா கார்த்திகையா தெரியல" என்பாள். மழையை ரிஜிஸ்டரில் எழுத முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்கிற மாதிரி பெரிய வாத்தியாரே ஒரு மே மாதத் தேதியைப் போட்டுவிடுவார்.

அப்படி எழுதப்பட்டவர்களில் ஒருவர்தான் நம் சார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். பெயர் வேண்டாம். வட்டாரத்துக்கு ஒருவர் இருக்கிறார். வருஷா வருஷம் மே 31-ஆம் தேதி இவர்கள் கும்பலாகத்தான் வெளியே வருகிறார்கள். கல்வியாண்டின் நடுவில் வயது முடிகிற ஆசிரியர்களுக்கு ஆண்டுக் கடைசி வரை மறுநியமனம் உண்டு. ஐப்பசி என்று எழுதியிருந்தால் சார் இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம். "ஒரு வருஷச் சம்பளம்யா, ஒரே பேனாக் கீறல்ல போச்சு" என்று என்றைக்கோ காலமான பெரிய வாத்தியார்மேல் இப்போது கோபப்படுகிறார். இதே சார் தொண்ணூறுகளில் எத்தனை பிள்ளைகளை மே மாதத்தில் பிறக்கவைத்தார் என்பதற்கு, சேர்க்கைப் பதிவேட்டில் அவர் கையெழுத்தே சாட்சி.

கிளம்பப் போகிறவர் என்ற பட்டம் அவருக்கு வெகுநாளாக இருக்கிறது. ஓய்வு வயது 58 என்றிருந்தபோதே பதவி உயர்வுப் பட்டியலில் அடுத்து நின்ற ஆசிரியர் நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள். அடுத்த வருஷமே 60 என்றார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் சார் ஸ்டாஃப் ரூமில் மைசூர்பாகு கொடுத்தார். அடுத்து நின்றவரும் ஒரு துண்டு எடுத்துத் தின்றார். தின்றவிதத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், வேப்பிலைக் கொழுந்தைக்கூட அதைவிட முகம் மலர்ந்து தின்னலாம் என்று.

கடைசி வருஷத்தில் சாருக்கு இன்னொரு யோகம் அடித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து வருஷத்துக்குள் போகிறவர்கள், பதவி உயர்வு கேட்காதவரை, எழுதாமலே தொடரலாம். இருபது வருஷமாக வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் கைடு வாங்க ஓடினார்கள். சார் ஓடவில்லை. மத்தியான இடைவேளையில் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "பியாஜே சொன்ன அறிதிறன் வளர்ச்சியில எத்தனை படிநிலை? டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பதில் அவருக்கும் தெரியாது. கைடில் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் கேட்பார். தேர்வு எழுதத் தேவையில்லாத ஒருவன் தேர்வைப் பற்றிக் காட்டும் உற்சாகத்துக்கு ஈடு இணை கிடையாது.

அந்த உற்சாகத்தை அடக்குவதற்கென்றே அரசு ஓய்வூதியக் கருத்துருவை வைத்திருக்கிறது. ஓய்வு பெறச் சில மாதங்களுக்கு முன்பே அதைத் தயார் செய்து, வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) ஆபீஸ் வழியாகச் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பி.இ.ஓ. ஆபீசில் அந்த மேசையில் இருப்பது தர்மபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண். சாரின் மாணவி இல்லை, சாரின் மாணவருக்குச் சொந்தமும் இல்லை. இந்த ஒன்றியத்தில் சாரைப் பார்த்து எழுந்து நிற்காத ஒரே ஜீவன்.

"சார், உயரம் 168னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா, 168."

"168 என்னது சார்?"

சார் அப்படியே நின்றுவிட்டார். முப்பத்தாறு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். "விடை அஞ்சு. அஞ்சு என்னது? அஞ்சு மாம்பழமா, அஞ்சு மாட்டு வண்டியா?" என்று கேட்டு, அலகு எழுதாத குற்றத்துக்கு அரை மார்க்கைப் பிடுங்கிக்கொண்டு, ஊரில் மூன்று தலைமுறையை அழவிட்டவர்.

"சென்டிமீட்டர்மா" என்றார், மெதுவாக.

"அத எழுதணும்ல சார். அடிச்சுத் திருத்தாதீங்க, வேற ஃபாரம் எழுதி எடுத்துட்டு வாங்க."

வேறு ஃபாரம் எழுதிப் போனபோது அங்க அடையாளத்தில் மாட்டினார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் "இடது முன்கையில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு" என்று இருக்கிறது. சார் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மச்சத்தைக் காணோம். அந்தப் பெண் பார்த்தாள், கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், டீ கொண்டுவந்த பையனும் ஒருமுறை குனிந்து பார்த்தான். பத்தாம் வகுப்பில் வரிசையாக நிற்கவைத்து அடையாளம் எழுதிய வாத்தியார் அன்றைக்கு எதைக் கண்டாரோ. மைப்பேனா காலம், மைத்துளியாகக்கூட இருந்திருக்கலாம். கடைசியில் ஆபீஸ் நடுவில் சார் பேண்டை முழங்கால் வரை ஏற்ற வேண்டியதாயிற்று. தழும்பு இருந்தது, நல்லவேளை. மாங்காய்க்கு ஏறி விழுந்த தழும்பு. அந்த மரத்துக்கு அன்று சார் மானசீகமாக ஒரு கும்பிடு போட்டார்.

இத்தனைக்கும் காகிதம் என்றால் சார் லேசில் தோற்கிறவர் இல்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் 1994-ஆம் வருஷத்து மூன்று மாதப் பிடித்தம் வரவு வைக்கப்படவில்லை என்று தெரிந்தபோது மற்றவர்கள் என்றால் தலையில் கைவைத்திருப்பார்கள். சார் வீட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். அந்துருண்டை வாசனையோடு மூன்று மாதத்துச் சம்பளப் பட்டியலின் நகல்களும் முத்திரையோடு வந்தன. தங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுகூடப் பத்திரமாக இல்லையே என்று அவர் மனைவிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாளையும் அரசு விடவில்லை. ஓய்வூதியத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும். ஸ்டூடியோக்காரன் "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்" என்றான். நெருங்கினார். "அம்மா, சிரிங்க." அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. சார், "பென்ஷன் போட்டோடி, பல்லு தெரியக் கூடாது" என்று அதட்டிய நொடியில் அவன் சொடுக்கிவிட்டான். கணக்காயர் அலுவலகக் கோப்பில் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டும் சார் ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டும் இருக்கிற படம் போகாமல், இன்னொன்று எடுக்க நூறு ரூபாய் கூடுதல் ஆயிற்று.

அம்மாளின் கவலை வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை வீடு அவள் ராஜ்யம். ஜூன் மாதத்திலிருந்து அதில் ஒரு தலைமையாசிரியர் உட்காரப் போகிறார். ஆசிரியர் சங்கத்து மாவட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தபோது காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாளாம்: "தம்பி, ஓய்வு பெற்றவங்களுக்குச் சங்கத்துல வெளியூர் போற மாதிரி பொறுப்பு ஏதும் இருக்கா?"

பணம் வரப்போகிற செய்தி ஊரில் பணத்துக்கு முன்பே வந்துவிட்டது. பணிக்கொடை எவ்வளவு, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து வாங்கினால் எவ்வளவு, ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கு எவ்வளவு என்று டீக்கடை பெஞ்சில் கூட்டிப் பெருக்கிச் சொன்ன தொகை, பிறகு ஆணையில் வந்த தொகைக்கு அநேகமாகச் சரியாக இருந்தது. கூட்டியவர்கள் எல்லாம் சாரிடம் படித்தவர்கள். புறவழிச்சாலையில் பிளாட் போட்டிருக்கிறவர், பாலிசி விற்கிறவர், கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி, பெரிய மாப்பிள்ளை என்று ஒருவர் பின் ஒருவராக நலம் விசாரிக்க வந்தார்கள். பள்ளியில் இளைய ஆசிரியர்கள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்து, சாருடைய பழைய ஓய்வூதியம் இல்லாமல், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். டைனோசர் எலும்புக்கூட்டைச் சுற்றுலாப் பிள்ளைகள் பார்க்கிற பார்வைதான் சார்மேல் அவர்களுக்கு.

இதெல்லாம் வெளிவிவகாரம். உள்ளே பீரோ இருந்தது. பொறுப்பு ஒப்படைக்க வேண்டும் என்றால் அதைக் காலி செய்தாக வேண்டும். மேல் தட்டுகளில் வழக்கமானவைதான்: கட்டுக்கட்டாக வினாத்தாள், யார் காலுக்கும் சேராமல் மிஞ்சிய விலையில்லாக் காலணி நான்கு ஜோடி, நல்ல நாளுக்கென்று எடுத்துவைத்து இறுகிப்போன கலர் சாக்பீஸ். கதவின் உட்புறம், பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்தின் பாஸ்வேர்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ரகசியம் என்ற தலைப்போடு.

அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டி. பள்ளிக்கூடத்தில் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரே சொத்து அதுதான். பிள்ளைகளிடமிருந்து பறித்துவைத்தவை. அதைக் கீழடியில் தோண்டுகிற கவனத்தோடு தோண்ட வேண்டும். அடியில் புளியங்கொட்டை, கோலி, சாட்டையோடு பம்பரம், ரப்பர் இற்றுப்போன உண்டிவில். அதற்கு மேல் சினிமா பிலிம் துண்டுகள், தீப்பெட்டிப் படங்கள், பபுள்கம் வாங்கினால் தந்த கிரிக்கெட் படங்கள். அதற்கும் மேல் சிப்ஸ் பாக்கெட்டில் வந்த வட்டச் சில்லு, மல்யுத்த வீரர் சீட்டுகள். உச்சியில் ஒரு ஸ்பின்னர். நடுவில் எங்கேயோ, நாலாக மடித்த ஒரு காதல் கடிதம், எட்டாம் வகுப்பு. சார் அதை வீட்டுக்குச் சொல்லவுமில்லை, கிழித்துப்போடவுமில்லை. இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போனதைச் சிவப்பு மையில் போட்டு வைத்திருக்கிறார். "உன்னைப் பார்க்காமல்" என்பதில் 'ப்' இப்போது சரியாக இருக்கிறது.

சார் பெரிய மேதை என்று நான் சொல்லமாட்டேன். பின்னம் நடத்தினால் பிள்ளைகளுக்குப் புரியும். வரலாறு நடத்தினால் தூக்கம் வரும், அவருக்கும் சேர்த்து. ஆனால் எந்தப் பம்பரம் யாருடையது என்று ஞாபகம் வைத்திருந்தார் பாருங்கள், அதற்காக எந்த நல்லாசிரியர் விருதையும் கொடுக்கலாம். ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம் மாலை வேளைகளில் அதைத்தான் செய்தார். பாதிப்பேர் திருப்பூரிலும் துபாயிலும் இருந்தார்கள். ஊரோடு இருந்த ஒரு கொத்தனார், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகளைக் கூட்டிப்போக வந்தவர், கூப்பிட்டு நீட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னுதுதான் சார். ஆனா ஆணி புதுசா இருக்கே."

சார் வருகைப் பதிவேட்டை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். "வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாத, போ" என்றார் சார்.

பிரிவு உபசார விழாவை ஏப்ரலிலேயே வைத்துவிட்டார்கள். மே மாதம் பள்ளிக்கூடம் கிடையாது. அன்பளிப்பு என்ன வாங்கலாம் என்று டீச்சர்கள் சுற்றி வளைத்து, "சார் வீட்ல என்ன சார் இல்ல?" என்று கேட்டபோது சார் யோசிக்காமல் டேபிள் டாப் கிரைண்டரின் கம்பெனி, லிட்டர், கலர் மூன்றும் சொன்னார். இத்தனை வருஷமாக எத்தனை பேர் விழாவுக்குத் தலைக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு ஒரு நோட்டே வைத்திருக்கிறவர்; கூச்சப்பட அதில் இடமில்லை. விழாவில் சங்கச் செயலாளர் சாரைப் பற்றி இரண்டு நிமிஷமும் அகவிலைப்படி பாக்கியைப் பற்றி முப்பத்தெட்டு நிமிஷமும் பேசினார். ஏற்புரையில் சார் அழுவார் என்று கர்ச்சீப்போடு காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். பின்பக்கச் சுற்றுச்சுவர் இடிந்து மூன்று வருஷமாக ஆடு உள்ளே வருவதைப் பற்றி, எந்தத் தேதியில் என்ன ஓ.மு. எண்ணில் யாருக்கு எழுதினார் என்பதை, மேடையில் உட்கார்ந்திருந்த வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்க்காமல் அவருக்கே சொன்னார். மாலை போட்ட மனுஷனை இடைமறிக்க முடியாது. இந்தச் சந்தர்ப்பத்துக்குத்தான் முப்பத்தாறு வருஷம் காத்திருந்தாரோ என்று தோன்றியது.

விழா முடிந்து லட்டு வாங்க வந்த மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்: "சார், டி.சி. வாங்கிட்டீங்களா?"

"இன்னும் குடுக்கலடா. ஒரு பேப்பர் பாக்கி."

மே மாதம் முழுக்க சார் பள்ளிக்கூடத்துக்குப் போனார். போக வேண்டியதில்லை. ஒன்பது மணிக்குச் சைக்கிள் நிறுத்தும் இடத்தில், நூறு சைக்கிள் நிற்கிற நாளில் எந்த மூலையில் நிறுத்துவாரோ அதே மூலையில், மொபெட்டை ஒட்டினாற்போல நிறுத்துவார். ரிஜிஸ்டர் முடிக்கணும் என்பார். முடிக்கத்தான் வேண்டியிருந்தது, தளவாடப் பதிவேடு அப்படி. கரும்பலகைத் திட்டம் என்று 1987-இல் மத்திய அரசு ஒன்றைத் தொடங்கியது. அதில் வந்த சாமான்கள் இன்னும் வரிசையாக இருப்பில் நிற்கின்றன. பூகோள உருண்டை ஒன்று. அது இருக்கிறது, தாங்கிதான் உடைந்துவிட்டது. அதில் சோவியத் யூனியன் மட்டும் உடையாமல் செக்கச்செவேல் என்று இருக்கிறது. டோலக் ஒன்று, தோல் இல்லை. ஆர்மோனியம் ஒன்று.

பொறுப்பு வாங்க வந்தவர், அதே மைசூர்பாகு ஆசிரியர்தான், ஆர்மோனியத்தில் நின்றுவிட்டார். துருத்தியை எலி தின்றிருந்தது. கட்டைகள் ஒரு மஞ்சள் பையில் தனியாக இருந்தன.

"சார், இத எப்படி நான் ஆர்மோனியம்னு கையெழுத்துப் போட்டு வாங்குறது?"

"நான் வாங்குனப்பவே அப்படித்தான்யா இருந்துச்சு. மஞ்சப்பை மட்டும் நான் போட்டது."

கட்டைகளை எண்ணினார்கள். இரண்டு குறைந்தது. சார் ஒரு நிமிஷம் யோசித்து, தலைமையாசிரியர் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். இன்னொன்று அகப்படவில்லை. 'பழுது' என்று எழுதி, ஒரு கட்டை குறைவு என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேசை அன்றிலிருந்து புதியவர் பக்கம் சாய்ந்தே இருக்கிறது.

மே 31 ஞாயிற்றுக்கிழமையாக வந்து தொலைத்தது. பிள்ளை இல்லை, மணி இல்லை, சத்துணவு வாசனை இல்லை. சட்டப்படி பணி முடிவது பிற்பகலில். சார் முற்பகலிலேயே போய், சுவரில்லாத பின்பக்கம் வழியாக வந்த ஆட்டை இரண்டு தடவை விரட்டிவிட்டு, ஐந்து மணிக்குத்தான் சாவிக்கொத்தைக் கொடுத்தார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு சாவிக்கு மட்டும் பூட்டு எது என்று அவருக்கும் தெரியவில்லை. "இருக்கட்டும், தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தது. சார் திண்ணையில் நாளிதழை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மாள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கடமைக்குக் குறைத்திருந்தாள். போன் அடித்தது. புதியவர்.

"சார், மன்னிச்சுக்கங்க. எமிஸ்ல நம்பர் மாத்த முடியல. ஓ.டி.பி. உங்க போனுக்குத்தான் வருது."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டார். செய்தி வந்திருந்தது. பத்து நிமிஷத்தில் காலாவதி ஆகிவிடும் என்றும் போட்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதிக்கங்க. நாலு… எட்டு… எழுதியாச்சா? அவசரப்படாதீங்க. ரெண்டு. ம்ம்… அடுத்தது சைபர், ஓ இல்ல, சைபர். ஏழு. ஒண்ணு. எங்க, இப்ப திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."